உங்கள் ஜியோபேகஸுக்கு முதலில் மணல் போடுங்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 3 அடித் தொட்டி, அடியில் வெள்ளைக் கூழாங்கல். இரண்டு மாதத்துக்கு முன்னர் 'சுரினாமென்சிஸ்' என்று சொல்லி விற்ற 5 ஜியோபேகஸ் (தென் அமெரிக்க ஆற்று மீன்) குட்டிகளை வாங்கி விட்டிருக்கிறார். அவை ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கின்றன, கல்லை வாயில் தூக்கித் தூக்கித் துப்புகின்றன, இணையத்துப் படங்களில் பார்த்த நிறம் இன்னும் வரவில்லை. இது நோயா, என்ன மருந்து ஊற்றலாம் என்பது கேள்வி.

தம்பி, மருந்துப் போத்தலை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். உடம்பில் புண், நெற்றியில் குழி, நூல் போன்ற வெள்ளைக் கழிவு, மேல்மூச்சு கீழ்மூச்சு, இவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. கல்லைத் தூக்கித் துப்புவது மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். அது நோய்க்குறி இல்லை. அந்த மீன் தன் தொழிலைச் செய்யப் பார்க்கிறது, தரை விடுகிறதில்லை. ஆகவே நான் முதலில் மாற்றச் சொல்வது தொட்டியின் தரையைத்தான். கல்லை எடுத்துவிட்டு மணல் போடுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால்தான் எந்த மணல் என்பதும் புரியும்.

ஜியோபேகஸ் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் 'மண் தின்னி' என்று பொருள். 1840 இல் வியன்னாவில் இருந்த மீன் ஆய்வாளர் யோகான் யாக்கோப் ஹெக்கல் இந்தப் பேரினத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். அவர் கையில் இருந்தவை, யோகான் நாட்டரர் என்பவர் பிரேசிலில் 18 வருடம் அலைந்து சேர்த்து அனுப்பிய மீன்கள். ஆனால் அந்த மீன் மண்ணைத் தின்பதில்லை, அரிக்கிறது.

உங்கள் வீட்டில் அம்மம்மா அரிக்கன்சட்டியில் அரிசி அரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இப்போது கல்லில்லாத அரிசி பையில் வருவதால் அந்தச் சட்டியே பல வீடுகளில் இல்லை. உள்ளே வரிவரியாகப் பள்ளம் போட்ட மண்சட்டி. அரிசியும் தண்ணீருமாக அதைச் சாய்த்து ஆட்ட ஆட்ட, பாரமான கல் வரிக்குள் தங்கும், அரிசி தண்ணீரோடு மற்றச் சட்டிக்குப் போய்விடும். ஜியோபேகஸ் தன் வாய்க்குள் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. அதற்கு வேண்டியது இலேசான பொருள்: மணலுக்குள் கிடக்கும் பூச்சிக் குடம்பிகள், சின்ன ஓட்டுப் பிராணிகள், விதைத் துணுக்குகள், மக்கிய இலைத்தூள். அவை உள்ளே நிற்க வேண்டும், மணல் வெளியே போக வேண்டும். இதற்கு உதவுவதாகக் கருதப்படும் ஓர் உறுப்பும் அதற்கு இருக்கிறது. முதலாவது செவுள் வளைவின் மேல்பக்கத்தில் இருந்து ஒரு சதை மடல் தொங்கும், அதன் ஓரத்தில் சிறு முட்கள் இருக்கும். இந்தக் கூட்டத்து மீன்களை அடையாளம் காணவே ஆய்வாளர்கள் அந்த மடலைப் பார்ப்பார்கள். தொண்டைக்குள், ஜியோபேகஸ் சேர்ந்த சிக்லிட் குடும்பத்து எல்லா மீன்களுக்கும் உள்ள இரண்டாவது தாடை வேறு இருக்கிறது, பிடித்ததை நசுக்குவதற்கு. இத்தனை கருவியும் சின்ன மணிகளுக்காக அமைந்தவை. கூழாங்கல்லை வைத்து அரிக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? தூக்கும், துப்பும், களைத்துப் போய் மூலையில் நிற்கும்.

மணல் உள்ள தொட்டிக்கு முன்னால் ஒரு கால் மணித்தியாலம் உட்கார்ந்து பாருங்கள். மீன் முதலில் தலையைச் சரித்து ஒரு கணம் தரையைப் பார்க்கும். பிறகு வாய் குழாய் போல முன்னுக்கு நீளும். மூக்கு முழுவதும் கண்ணுக்குக் கீழ்வரை மணலுக்குள் போகும். நிமிரும்போது கன்னம் புடைத்திருக்கும். தாடை மெல்வது போல அசையும், அதே நேரத்தில் இரண்டு செவுள் மூடிகளின் கீழிருந்தும் மெல்லிய மணல் தாரை இரண்டு கொட்டும், மணிக்கூட்டு மணல் கொட்டுகிற மாதிரி. மிச்சத்தை வாயால் துப்பிவிட்டு ஒரு சாண் தள்ளிப் போய் அடுத்த வாய். கண் ஏன் அவ்வளவு மேலே, நெற்றியோடு ஒட்டி இருக்கிறது என்பதும் அப்போது தெரியும். மூக்கு மண்ணுக்குள் இருந்தாலும் கண் வெளியில் இருந்து சுற்றிவரக் காவல் பார்க்கிறது. நாள் முழுக்க இதைத்தான் செய்யும். தரையில் சின்னச் சின்னக் குழிகளாக இருக்கும், மாலையானால் முற்றம் கூட்டின மாதிரி எல்லாம் இடம் மாறியிருக்கும்.

நானும் இந்தப் பிழையை விட்டவன்தான். முதல் தொகுதியைக் கடைக்காரரின் பேச்சைக் கேட்டு 5 மில்லிமீற்றர்க் கல்லில் விட்டேன். ஒரு மீன் மூன்று நாள் சாப்பிடவில்லை. வாயை மூட முடியாமல் நின்றது. டோர்ச் அடித்துப் பார்த்தால் தொண்டை வாசலில் ஒரு கல், குறுக்காக இறுகி நிற்கிறது. நனைத்த துவாயில் மீனைச் சுற்றிப் பிடித்து, முனை மழுங்கிய சாமணத்தால் இரண்டாவது தடவையில்தான் எடுக்க முடிந்தது. மீன் பிழைத்தது, ஆனால் உதடு ஆற இரண்டு வாரம் போனது. அன்றைக்கே கல் முழுவதையும் அள்ளி வெளியே போட்டேன்.

சரி, கொழும்பில் எந்த மணல்? முதலில் கடல் மணலை மறந்துவிடுங்கள். வெள்ளவத்தையில் இருப்பவருக்குப் புகையிரதப் பாதையைத் தாண்டினால் மணல்தான், ஆசையாக இருக்கும். அதில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கிறது. உப்பைக் கழுவலாம், சிப்பியைக் கழுவ முடியாது, அது கரைந்து கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். கரையோர மணலை அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றமும் கூட. வேண்டியது ஆற்று மணல், கட்டட வேலைக்கு ஹார்ட்வெயாரில் சாக்கில் விற்பது. வாங்கும்போது கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். குத்தாமல் உருண்டையாக இருக்க வேண்டும். கல்லை உடைத்துச் செய்யும் மணல் கூர்மையானது, வாயையும் செவுளையும் அறுக்கும், வேண்டவே வேண்டாம். பிறகு ஒரு சிட்டிகை மணலில் கொஞ்சம் வினாகிரி விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

மணிகள் அரை மில்லிமீற்றரில் இருந்து 1 மில்லிமீற்றர்வரை இருந்தால் போதும். இதற்குக் கருவி தேடிப் போக வேண்டியதில்லை. யன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலையில் ஒரு துண்டை மரச்சட்டத்தில் அடித்து அரியுங்கள், பெரிய மணிகள் வலைக்கு மேல் நின்றுவிடும். கீழே விழுந்ததை வாளியில் கால்வாசி போட்டு, குழாயை விட்டுக் கையால் கலக்கிக் கலக்கி ஊற்றுங்கள். பால் போல வந்த தண்ணீர் தெளியும்வரை, பத்துப் பன்னிரண்டு தடவையாவது ஆகும். இந்த வேலையில் அவசரப்பட்டால் தொட்டி ஒரு வாரம் கலங்கலாகவே கிடக்கும். ஆழம் 4 சென்ரிமீற்றர் போதும். அதற்கு மேல் போட்டால் அடியில் காற்றுப் போகாமல் கறுத்துவிடும். உங்கள் 3 அடித் தொட்டிக்கு, அடி அகலம் 45 சென்ரிமீற்றர் என்று வைத்தால், 25 கிலோ அளவில் வரும். பில்டர் உறிஞ்சும் வாயை மணலில் இருந்து 10, 15 சென்ரிமீற்றர் உயர்த்தி வையுங்கள். இவை துப்பும் மணல் மோட்டருக்குள் போனால் மோட்டர் தேய்ந்துவிடும்.

செடி வளர்க்க ஆசையென்றால் அனுபியாஸ், ஜாவா பெரன் போன்றவற்றை மரக்கட்டையில் கட்டிவிடுங்கள். வேர் ஊன்றி வளர்வது எதையும் விட்டுவைக்காது. நம் நாட்டுக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டியை நான் ஒரு தடவை ஆசையாக நட்டேன், விடியும்போது எல்லாம் மிதந்தது.

இனி அந்தப் பெயர் விடயம். உங்களிடம் இருப்பது சுரினாமென்சிஸ் இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மார்க்கஸ் புளோக் 1791 இல் பெயர் வைத்த உண்மையான சுரினாமென்சிஸ், சுரினாம், பிரெஞ்சு கயானா பக்கத்து ஆறுகள் சிலவற்றில் மட்டும் உள்ள மீன். சந்தையில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் அமேசன், ஒரினோக்கோ பக்கத்து வேறு இனங்கள்: அல்டிபிரன்ஸ், அபாலியோஸ், புரோக்சிமஸ் போன்றவை. குட்டியில் எல்லாம் சாம்பலாக, பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளியோடு ஒரே மாதிரி இருப்பதால் கடைக்காரரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. 'ரெட் ஹெட் டபாஜோஸ்' என்று விற்கும் சிவந்த நெற்றிக்காரனுக்கு, எத்தனையோ வருடம் எல்லார் தொட்டியிலும் நீந்திய பிறகு, 2022 இல்தான் ஜியோபேகஸ் பைரோசெபாலஸ் என்று அறிவியல் பெயர் கிடைத்தது. 'நெருப்புத் தலை' என்று பொருள். பிரேசிலில் டபாஜோஸ் ஆற்றின் கீழ்ப்பகுதி அதன் ஊர், தெளிந்த தண்ணீரும் வெள்ளை மணலுமான ஆறு. படத்தில் பார்த்த நிறம் வரவில்லை என்று கவலைப்பட்டீர்களே, இந்த மீன்கள் நிறம் எடுக்க ஒரு வருடமாவது வேண்டும். இரண்டு மாதத்தில் தேடினால் கிடைக்காது. மணல் போட்ட பிறகு பயம் தெளிந்து கொஞ்சம் நிறம் ஏறும், அதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

தொட்டி அளவில் உங்களுக்கு ஒரு சங்கடமான செய்தி. இந்த அமேசன் வகைகள் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும், 5, 6 பேராக இருந்தால்தான் பயமில்லாமல் இருக்கும். ஆகவே 5 அடிக்குக் குறைந்த தொட்டி நிரந்தர வீடாகாது. குட்டிகளை 3 அடியில் ஒரு ஏழெட்டு மாதம் வளர்க்கலாம், அதற்குள் பெரிய தொட்டிக்கு வழி பார்க்க வேண்டும். பிளட்டில் இடமே இல்லையென்றால் இவற்றை இடம் உள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, கொலம்பியாவின் மக்டலேனா ஆற்றுப் பக்கத்து ஸ்டைண்டாக்னெரியை எடுங்கள். ஆணுக்கு நெற்றியில் சிவந்த திமில் எழும்பும் மீன் அது. அளவில் சிறியது. ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்ணுமாக உங்கள் தொட்டியிலேயே சமாளிக்கலாம். ஆய்வாளர்கள் பலர் அதை உண்மையான ஜியோபேகஸ் என்று சேர்ப்பதில்லை, பழைய பெயரையே மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதுவார்கள். ஆனால் மணல் அரிப்பதில் அதற்கும் குறைவில்லை.

தண்ணீர் விடயத்தில் கொழும்பில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நம் குழாய்த் தண்ணீர் அம்பத்தளையில் களனி கங்கையில் இருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் வருகிறது. சுண்ணாம்பு குறைந்த மென்னீர், இந்த மீன்களுக்கு அப்படியே பொருந்தும். யாழ்ப்பாணத்தில் கேத்தல் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும் கிணற்றுத் தண்ணீரில் இவற்றை வளர்ப்பவர்கள் படும் பாடு நமக்கு இல்லை. ஹீட்டரும் வேண்டாம், அறை வெப்பநிலையே 27, 28 பாகையில் நிற்கிறது. பார்க்க வேண்டியது குளோரின். பீப்பாவில் பிடித்து ஒரு நாள் காற்று விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சொன்ன அளவில் விடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும், இதில் சலுகை இல்லை. மீன் கழிவில் இருந்து சேரும் நைட்ரேட் ஏறிய பழைய தண்ணீரை ஜியோபேகஸ் தாங்காது. நெற்றியில் ஊசி குத்தின மாதிரிக் குழி விழும் வியாதி இந்த மீன்களில் அடிக்கடி வரும், அதற்குப் பின்னால் பெரும்பாலும் தண்ணீர் மாற்றாத சோம்பல் இருக்கும்.

கரண்ட் போவதற்கும் ஆயத்தமாக இருங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது என் தொட்டி தப்பியதற்குக் காரணம் பற்றரியில் ஓடும் ஒரு சின்னக் காற்றுப் பம்ப். 30 பாகைத் தண்ணீர் நிறைந்த அளவில்கூட லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் ஒட்சிசன்தான் பிடித்து வைக்கும், பெரிய மீன்கள் அதை விரைவில் முடித்துவிடும். மூடிய பில்டருக்குள் இருந்து மீன் கழிவை முறிக்கும் நல்ல பக்டீரியாவும் ஓட்டம் நின்று சில மணித்தியாலத்தில் சாகத் தொடங்கும். நான் பில்டரைத் திறந்து அந்தப் பக்டீரியா தங்கும் பஞ்சையும் செரமிக் துண்டுகளையும் வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே, காற்றுக் குமிழிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். அந்த நாட்களில் சாப்பாடும் போடவில்லை. ஒரு மீனும் போகவில்லை.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல இல்லை. அடியில் தாழும் சின்ன மணித் தீனி, ஸ்பைருலினா என்ற பாசித்தூள் கலந்தது நல்லது. இடையிடையே உறைந்த இரத்தப்புழு, பொடியாக நறுக்கிய இறால், அவித்துத் தோல் உரித்த பட்டாணி. மாட்டு இதயம் வேண்டாம். ஒரே நேரத்தில் கொட்டாமல் நாளைக்கு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக, தரை முழுக்கப் பரவ விடுங்கள். அரித்துத் தேடிச் சாப்பிடட்டும். கூட விட ஒஸ்கார், பிளவர்ஹோர்ன் போன்ற சண்டைக்கார மீன்கள் கூடாது. உருவம்தான் பெரிது, ஜியோபேகஸ் சண்டைக்காரன் இல்லை, அடி வாங்கும்.

நன்றாக வளர்ந்தால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் நீங்கள் காணப்போவதைச் சொல்ல வேண்டும். என் சிவந்த தலைக்காரர் இருவர் உடைந்த அம்மிக்கல் துண்டு ஒன்றைத் தேர்ந்து, நாலு நாள் வாயால் தேய்த்துத் துப்புரவாக்கி, அதில் முட்டை ஒட்டினார்கள். மூன்றாம் நாள் முட்டை வெடித்து வால் துடிக்கத் தொடங்கியதும் கல் வெறுமையாகிவிட்டது. வேறு மீன் தின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் தாயின் கீழ்த்தாடை பை போலத் தொங்குகிறது, உள்ளே ஏதோ அசைகிறது. மணல் அரிக்கும் அதே வாய்க்குள் குஞ்சுகள். சிறிது நேரத்தில் தகப்பன் பக்கத்தில் வந்து உடம்பை நடுக்கினான். தாய் குஞ்சுகளை ஒரு சின்னக் குழிக்குள் துப்பினாள், அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வாயில் வைத்தான். அவள் விலகிப் போய்ச் சாப்பிட்டாள். இந்த முறை மாற்றம் ஒரு வாரத்துக்கு மேல் நடந்தது. வெளியே நீந்த விட்ட பிறகும், நான் தொட்டிக் கண்ணாடிக்குக் கிட்டப் போனால் தாய் தலையைத் தாழ்த்தி வாயைத் திறப்பாள், ஐம்பது அறுபது குஞ்சு ஒரு மூச்சில் உள்ளே போய்விடும். ஸ்டைண்டாக்னெரியில் இந்தப் பங்கு பிரிப்பு இல்லை. முட்டையிட்ட கையோடு தாய் வாயில் எடுத்துவிடும், ஆண் அடுத்த பெண்ணைத் தேடிப் போய்விடும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பெருத்துவிட்டது, இடம் இல்லை என்று இவற்றைப் பேரே வாவியிலோ தியவன்னாவிலோ விடாதீர்கள். டேங்க் கிளீனர், நைப் பிஷ் என்ற மீன்கள் இப்படித் தொட்டிகளில் இருந்து நம் நீர்நிலைகளுக்குள் போய்ப் பெருகியவைதான். நம் களப்புகளில் கொரலியா என்று சிங்களத்தில் சொல்லும் மீன் இருக்கிறதே, அதுவும் சிக்லிட்தான், ஜியோபேகஸுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் இடத்தில் இவை எதற்கு? வைத்திருக்க முடியாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், ஆள் பார்த்துத் தருகிறேன்.

மணல் மாற்றுவதை இந்த வாரமே செய்யுங்கள். மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பெரிய வாளியில் காற்றுக் குழாய் போட்டு மூடி வையுங்கள், இல்லாவிட்டால் வெளியே பாய்ந்துவிடும். பில்டரைக் கழுவாதீர்கள், அதில் கை வைக்கும் நாள் இது இல்லை. கல்லை எடுக்க, மணலைப் பரப்ப, ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்ற, மூன்று மணித்தியாலத்தில் முடியும். அன்றைக்கு விளக்குப் போட வேண்டாம். நான் தெஹிவளையில்தான் இருக்கிறேன், அரித்த ஆற்று மணல் பாதிச் சாக்கு மிச்சம் இருக்கிறது, உங்கள் தொட்டிக்குக் காணும். வாளி இரண்டோடு வாருங்கள், கழுவுவது மட்டும் உங்கள் வேலை.